தலைக்கு மேல் நாலு விரல்

நான் என் கணவரைவிட ஆறு விரற்கடை உயரம். கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இது அவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணிக்கொண்டு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் அப்படித்தான் இருந்தது. எங்கள் ஜனங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

எல்லாம் என் அம்மா செய்த ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது என்னை முன்கூட்டியே பாயில் உட்கார வைத்துவிட்டாள். "ஆம்பளைய விட ஒசரமா கீற பொண்ண எவன் கட்டிக்குவான்? அவங்க போற வரைக்கும் எழுந்துக்காத" என்றாள். காப்பித் தட்டைச் சின்னம்மா எடுத்துக்கொண்டு போனாள். விழுந்து கும்பிடச் சொன்னபோது மட்டும் எழுந்தேன். எழுந்த வேகத்திலேயே விழுந்துவிட்டேன். பெண் என்ன அடக்கம் என்று வந்தவர்கள் மெச்சிக்கொண்டார்களாம்.

கல்யாணத்திலும் அதே கதை. கல்யாணப் பெண் தலை குனிந்து நடப்பது நம் ஊரில் லட்சணம், ஆகவே யாரும் கேட்கவில்லை. போட்டோவில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் பக்கத்தில் நிற்கிறார். அதற்கப்புறம் முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, தோளை முன்னால் போட்டு, கொண்டையைக் கழுத்தோடு தாழ்த்திக் கட்டி நிற்கப் பழகிக்கொண்டேன். ரோட்டில் போனால் ஓரத்துச் சரிவில் அவருக்கு ஓரடி பின்னால் நடப்பேன். மேனாம்பேட்டில் நாங்கள் இருந்தது ஓட்டு வீடு, உத்திரம் தாழ்வு, வாசற்படியில் எல்லோருமே குனிய வேண்டும். தூங்கும்போதுகூடக் காலை மடக்கிக்கொள்வேன். முதுகு வலி என்று சொன்னால் தைலம் வாங்கி வருவார். நல்ல மனுஷன்தான். வலி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்க்கத் தெரியாது.

இதில் வயிறெரிகிற விஷயம் என்னவென்றால் அவருடைய தொழிலே போட்டோ பிடிப்பது. எழுபதுகளின் தொடக்கம் அது. திருவேற்காடு, மாங்காடு, பெரியபாளையம் என்று எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் எங்கள் ஸ்டூடியோ அங்கே போய்விடும். மூங்கில் நட்டு, படுதா கட்டி, பின்னால் மலையும் அருவியும் வரைந்த சீலையைத் தொங்கவிடுவோம். அவர் கேமராவைப் பார்த்துக்கொள்வார். பெண்களுக்குப் பவுடர் போட்டு, முந்தானையைச் சரிபண்ணி உட்கார வைப்பது என் வேலை. இருட்டறையில் படம் கழுவிக் காயப் போடுவதும் என் வேலைதான். பாதி நாள் நான் அந்தச் சிவப்பு பல்புக்குக் கீழேதான் நிற்பேன்.

எங்களிடம் ஒரு சோப்புப் பெட்டி இருந்தது. பலகைப் பெட்டி, கறுப்பு பெயிண்ட் அடித்தது. ஜோடியாக நின்று படமெடுக்க வருகிறவர்களில் ஆண் குட்டையாக இருந்தால் அந்தப் பெட்டியை அவன் காலடியில் போட்டு, பெண்ணின் புடவைக் கொசுவத்தை விரித்து மறைத்துவிடுவோம். படத்தில் பார்த்தால் புருஷன் ஒரு தலை உயரமாக நிற்பான். கொட்டகைக்குள் ஜோடி நுழையும்போதே, "பெட்டி எடுமே" என்பார் என்னிடம். ஒரு தடவைகூடக் கணக்குத் தப்பினதில்லை. ஊரில் இருக்கிற அத்தனை பெண்டாட்டிகளின் உயரமும் ஒரே பார்வையில் தெரிகிற மனுஷனுக்குச் சொந்தப் பெண்டாட்டியின் உயரம் தெரியவில்லை. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

ஒரு ஆடி மாசம் பெரியபாளையத்தில் மழை பிடித்துக்கொண்டது. படுதா கிழிந்து இருட்டறைக்குள் வெளிச்சம் புகுந்தது. கழுவிக் காயப்போட்டிருந்த படங்கள் எல்லாம் சேற்றில் ஒட்டிக்கொண்டன. அருவிச் சீலையில் சாயம் ஒழுகி நிஜமாகவே அருவி கொட்டியது. அன்றைக்குத்தான் தீர்மானம் செய்தோம். இனிமேல் மூங்கிலும் வேண்டாம், படுதாவும் வேண்டாம், பழைய வண்டி ஒன்று வாங்கிவிடலாம். உள்ளேயே இருட்டறை, அடுப்பு, படுக்கை எல்லாம் வைத்துக்கொண்டு திருவிழாவுக்குத் திருவிழா அதிலேயே குடியிருக்கலாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை, பள்ளிக்கூடம் என்று ஓடவேண்டிய கவலையும் இல்லை. அவருடைய சீட்டுப் பணத்தோடு என் சங்கிலியும் போயிற்று. சங்கிலி போனது எனக்கு வருத்தமில்லை. அதைக் கழற்றிக் கொடுத்த என்னை வண்டி விஷயத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான் வருத்தம்.

யோசனை சொல்ல வந்தவர் என் நாத்தனாரின் கணவர். லாரி டிரைவர். எனக்கு அண்ணன் முறை. வண்டி என்று பேச்செடுத்தால் அவர்தான் கடைசி வார்த்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, என் கணவரோடு சேர்ந்து சுண்ணாம்புக் கட்டியால் எங்கள் வீட்டுத் தரையில் வண்டி வரைந்தார். இது டிரைவர் சீட்டு, இது படுக்கை, இது இருட்டறை. வரைந்து முடித்ததும் இரண்டு பேரும் அந்தக் கோட்டுக்குள் மல்லாந்து படுத்துப் பார்த்தார்கள். "காலு நல்லா நீட்ட வருது மச்சான்" என்றார் அண்ணன். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

"அடுப்பு எங்கே?" என்றேன்.

"பின்னாடி கதவாண்ட வெச்சிக்கலாம்மா. இல்லாங்காட்டி வெளியவே ஆக்கிக்கலாம்."

"மழை பெய்ஞ்சா?"

"ஓட்டல் கீதே."

"நான் நிக்கறதுக்கு எடம்?"

என் கணவர் படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். "நிக்கறதுக்கு இன்னாமே தனியா எடம்? எங்க வோணா நில்லு."

ஆண்களுக்கு வீடு என்றால் படுக்கிற இடம். வருவார்கள், சாப்பிடுவார்கள், படுப்பார்கள். அதே வீட்டுக்குள் ஒருத்தி விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள் என்பது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அன்றைக்கு அந்தச் சுண்ணாம்புக் கோட்டை நான் ஈரத்துணியால் துடைத்த வேகத்தில் தரையே தேய்ந்திருக்க வேண்டும்.

ஆனால் என் கணவர் ஒரு விஷயத்தில் ஒழுங்கு. எதையும் அளக்காமல் வாங்கமாட்டார். சுவரோரமாக நின்று தன் உச்சந்தலைக்கு மேல் நாலு விரல் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்கு ஒரு மூங்கில் கோலை வெட்டினார். "தலைக்கு மேல நாலு வெரல் இருந்தா தாராளம். இந்தக் கோலு உள்ள நேரா நின்னுச்சின்னா வண்டி சரி. ரெண்டு பேருக்கும் இதான் அளவு" என்றார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ரெண்டு பேருக்கும்! அவருக்கு நாலு விரல் தாராளம். எனக்கோ கூரையே இரண்டு விரல் கீழே இருக்கும். அப்போதே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். எப்படிச் சொல்வது? "ஏங்க, நான் உங்களைவிட உயரம்" என்று ஒரு பெண்டாட்டி எந்த முகத்தோடு சொல்வாள்? அப்படியொரு வாக்கியத்தை எங்கள் ஜனங்களில் எவளும் சொல்லி நான் கேட்டதில்லை.

கோலைத் தோளில் சாத்திக்கொண்டு என் கணவர் அலைந்தார். பூந்தமல்லியில் பார்த்த சின்ன பஸ்ஸில் கோல் நின்றது, ஆனால் சுற்றிலும் கண்ணாடி ஜன்னல், இருட்டறைக்கு உதவாது. அம்பத்தூரில் ஒரு மெக்கானிக் காட்டிய வேனில் கோலைச் சாய்த்துத்தான் உள்ளேயே கொண்டுபோக முடிந்தது. கடைசியில் பட்டாபிராமில் ஒரு தரகர் நல்ல சரக்கு வைத்திருப்பதாக அண்ணன் சொன்னார். மூன்று பேரும் ரயில் ஏறிப் போனோம். நானும் வருகிறேன் என்று அடம்பிடித்துத்தான் போனேன்.

ரயில் பாதைக்குப் பின்னால் முள்வேலி போட்ட காலி மனை. ஏலத்தில் எடுத்த பழைய வண்டிகள் வரிசையாக நின்றன. தரகர் எங்களை நேரே ஓர் ஆம்புலன்ஸிடம் கூட்டிக்கொண்டு போனார். ராணுவத்தில் கழித்துவிட்டது. பச்சை பெயிண்டின்மேல் சிவப்புச் சிலுவையைச் சுரண்டிய அடையாளம் இருந்தது.

"இன்ஜின் சிங்கம் மாதிரி கீது அண்ணாத்தே. உள்ள ரெண்டு பக்கமும் பெஞ்சி. அடிபட்டவனே காலை நீட்டிப் படுத்துக்கினு போன வண்டி, உனுக்கு இன்னா கொறைச்சல்?" என்றார் தரகர்.

அண்ணன் இன்ஜினுக்குள் தலையை விட்டார். என் கணவர் கோலோடு உள்ளே ஏறினார். கோல் நின்றது. கூரைக்கும் கோலுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையலாம், அவ்வளவுதான். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பெஞ்சில் படுத்துப் பார்த்தார். அண்ணனும் எதிர்ப் பெஞ்சில் படுத்துப் பார்த்தார். தரகரும் சும்மா இருக்கவேண்டாம் என்று நடுத்தரையில் படுத்துக் காட்டினார். மூன்று ஆண்கள் ஒரு ஆம்புலன்ஸுக்குள் மல்லாந்து கிடக்கிறார்கள், மூன்று பேருக்கும் ஒரு நோயுமில்லை. வெளியே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"நீயும் ஏறிப் பாருமே" என்றார் என் கணவர், இறங்கி வந்து.

ஏறினேன். பழக்கதோஷம், முட்டி தானாகவே தளர்ந்தது, தோள் தானாகவே முன்னால் வந்தது. தலை இடிக்கவில்லை.

"அம்மாவுக்கே இடிக்கல பார்த்தியா நைனா? உங்களுக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி கீது" என்றார் தரகர். என் கணவர் முன்பணத்தை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டார்.

இந்தக் கூரைக்குக் கீழேதான் இனி சமைக்க வேண்டும், படம் கழுவ வேண்டும், தலை சீவ வேண்டும். வெளியில் மனுஷர்களுக்காகக் குனிந்தேன், சரி. ஆள் இல்லாத நேரத்தில் இருட்டறைக்குள் நிமிர்ந்துகொள்வேன். என்னை யாரும் பார்க்காத இடம் அது ஒன்றுதான். அந்த இடத்திலும் இனிமேல் தகரம் குனியச் சொல்லும். "கொஞ்சம் பொறுங்க, மத்த வண்டியும் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லி இறங்கி விறுவிறுவென்று நடந்தேன்.

"அம்மாவுக்கு வண்டி பாக்கத் தெரியுமா?" என்று தரகர் கேட்டது காதில் விழுந்தது.

மனையின் கோடியில் ஒரு ரொட்டி வண்டி நின்றது. ஏதோ ஒரு ரொட்டிக் கம்பெனி கழித்துவிட்டது. முன் சக்கரம் ஒன்றில் காற்றில்லை. நீளம் கம்மி. ஆனால் ஆள் நின்றபடியே ரொட்டித் தட்டுகளை இழுத்து எடுக்கிற மாதிரி உயரமான பெட்டி கட்டியிருந்தார்கள். பக்கக் கதவைத் தள்ளி உள்ளே ஏறினேன். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. கூரையில் புகை போக ஒரு மூடி. இரண்டு பக்கமும் தட்டுகளைச் செருகுகிற இரும்புச் சட்டங்கள். அதிலேயே படம் கழுவுகிற என் மருந்துத் தட்டுகளையும் செருகிவிடலாம். அடுப்புக்கு ஒரு மூலை. பகலில் தூக்கி மாட்டிவிடுகிற மாதிரி பலகை போட்டால் இரவில் படுக்கை. கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக முட்டியை நீட்டினேன். அப்புறம் தோள், அப்புறம் கழுத்து. முதுகில் எங்கேயோ சொடக்கு விழுந்தது. கையைத் தூக்கினேன், தூக்கின பிறகுதான் கூரை தட்டுப்பட்டது. அந்த இருட்டில் புளித்த மாவு வாசனைக்கு நடுவில் நின்று ஒரு நிமிஷம் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று நினைக்காதீர்கள். ரொட்டிக்கு இவ்வளவு உயரம் கொடுத்தவர்கள் எனக்குக் கொடுக்கவில்லையே என்ற ஆத்திரத்தில் அழுதேன்.

திரும்பி வந்து, "அந்த ரொட்டி வண்டி எடுத்துக்கலாங்க" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். "நீளம் பத்தாதும்மா, அதுவும் பஞ்சர் வண்டி" என்றார் அண்ணன். "ஆம்புலன்ஸ்ல தான் கோலு நிக்குதே. அப்புறம் இன்னா?" என்றார் என் கணவர்.

"கோலை நேராப் பிடிங்க" என்றேன்.

புரியாமல் கோலைத் தரையில் ஊன்றிப் பிடித்தார். நான் அதன் பக்கத்தில் போய்ச் செருப்பைக் கழற்றிப்போட்டு நின்றேன். நிமிர்ந்தேன். ரொட்டி வண்டிக்குள் ஒருமுறை நிமிர்ந்திருந்ததால் இந்த முறை சுலபமாக வந்தது. கோல் என் நெற்றியோடு நின்றுவிட்டது. அவர் முகம் எனக்குக் கீழே இருந்தது. அவருடைய உச்சந்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலடியைப் பார்த்தார். கல்லில் நிற்கிறேனா, மேட்டில் நிற்கிறேனா என்று தேடினார். புடவைக் கரையைக்கூட விரலால் லேசாக விலக்கிப் பார்த்தார். அங்கே வெறும் மண்ணும் என் இரண்டு காலும்தான் இருந்தன.

"எப்பமே வளர்ந்தே நீ?" என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே வளர்ந்துட்டேன்" என்றேன்.

தரகர் வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணாத்தே, அம்மா உன்னிய இடுப்புல தூக்கி வெச்சிக்கலாம் போல கீதே!"

"உன் வண்டியப் பத்தி மட்டும் பேசு" என்றேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

அண்ணன்தான் என்னைச் சமாதானப்படுத்த வந்தார். "ரெண்டு வெரல் தானேம்மா. கொஞ்சம் குனிஞ்சிக்கினா போவுது. இத்தினி நாளு குனிஞ்சிக்கினு தானே கீறே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்குத் தெரியும்! இவருக்குத் தெரியுமென்றால் நாத்தனாருக்கும் தெரியும், அவள் வாய்க்குத் தெரிந்தால் மேனாம்பேடு முழுக்கத் தெரியும். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நான் வளைந்து நடந்ததை, சரிவில் இறங்கி நடந்ததை, முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டதை. நல்ல பெண், அனுசரித்துப் போகிறாள் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது மட்டுமா? தெரிந்தே எனக்கு இந்த ஆம்புலன்ஸைக் காட்டியிருக்கிறார் இந்த மனுஷன்.

"ரெண்டு வெரல் தானா? அப்ப உங்க லாரியில ரெண்டு வெரல் கூரைய இறக்கிக்கினு ஓட்டிப் பாருங்கண்ணே. ஒரு நாளு ஓட்டிட்டு வந்து எனக்கு யோசனை சொல்லுங்க" என்றேன். அவர் என் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

என் கணவர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாமா, உனுக்குத் தெரியுமா?" என்றார். அண்ணன் பீடிப் புகையை வேறு பக்கம் ஊதினார். என் கணவரின் முகம் சிறுத்துப் போய்விட்டது. எனக்குப் பாவமாக இல்லை. எனக்கும் ஒரு முகம் இருக்கிறது, அதைப் பத்து வருஷமாகத் தரையைப் பார்த்தே வைத்திருந்தேன்.

பிறகு அவர் கோலை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். மறுபடி ஊன்றினார். கோலின் நுனிமேல் இரண்டு விரலைப் படுக்கவைத்தார். என் உச்சந்தலைக்குச் சரியாக வந்தது. அதற்கு மேல், எட்டி, இன்னும் நாலு விரல் வைத்தார். கோலைத் தோளில் போட்டுக்கொண்டு கோடியிலிருந்த ரொட்டி வண்டியைப் பார்த்து நடந்தார். உள்ளே கோல் ஊன்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, "பஞ்சர் ஒட்டிக் குடுப்பியா?" என்று தரகரைக் கேட்டார்.

அதோடு எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். ரயிலில் வரும்போது எனக்கு எதிர் சீட்டில் உட்காராமல் கதவருகே போய் நின்றுகொண்டார். பல நாள் சரியாகப் பேசவில்லை. நாத்தனார் வீட்டுக்கு வந்து, தன் தம்பியின் மானத்தை நடுத்தெருவில் வாங்கிவிட்டேன் என்று மூக்கைச் சிந்தினாள். மானம் என்பது அளந்தால் போய்விடுகிற சாமானா என்று கேட்டேன். என் அம்மாகூட, "இத்தினி வருசம் மறைச்சே, இன்னும் கொஞ்ச வருசம் இருந்துட்டா இன்னா?" என்றாள். கொஞ்ச வருஷம் என்றால் எவ்வளவு என்று அவளும் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் என்றுதானே அதற்கு அர்த்தம்? இதை எழுதும்போதுகூட எனக்குக் கை சூடாகிறது.

அடுத்த திருவிழாவுக்கு ரொட்டி வண்டியில்தான் போனோம். கதவைச் சாத்தி, சிவப்பு பல்பைப் போட்டு, நிமிர்ந்து நின்று முதல் நாள் படங்களைக் கழுவினேன். காயப்போடுகிற கயிற்றை என் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டினேன். யோசித்தெல்லாம் கட்டவில்லை, கை போன இடத்தில் கட்டினேன். சாயங்காலம் அவர் படங்களை எடுக்க உள்ளே வந்தார். எக்கினார். எட்டவில்லை. இன்னொரு தடவை எக்கினார். நான் தட்டைக் கழுவிக்கொண்டே பார்த்திருந்தேன்.

அவர் இறங்கிப் போய்க் கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கயிற்றுக்கு நேராகக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி, ஒவ்வொரு படமாகக் கழற்றினார். அந்த வண்டியை நாங்கள் வைத்திருந்த வரைக்கும் பெட்டி பாதி நேரம் அங்கேதான் கிடந்தது. கயிற்றை இறக்கிக் கட்டச் சொல்லி அவரும் கேட்கவில்லை, நானும் இறக்கவில்லை.